வாய்விட்டுச் சொல்லாத தொந்தரவும் ஒரு சின்ன வளையமும்

(நம் சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். படித்ததையும் டாக்டர்களிடம் கேட்டதையும் சொல்கிறேன். ஆண்களும் எழுந்து போகாமல் கேளுங்கள். உங்கள் அம்மாவோ மனைவியோ உங்களிடம் சொல்லாத விஷயமாக இது இருக்கலாம்.

கர்ப்பப்பை இறக்கம். நம் பெரியவர்கள் 'அடி இறங்கிடுச்சு' என்பார்கள். கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் இவற்றைத் தாங்கும் தசைகள் தளர்ந்து, உறுப்பு கீழே சரிவதுதான் இது. பிரசவம், மாதவிடாய் நின்ற வயது, தீராத இருமல், மலச்சிக்கல், பளு தூக்குவது என்று காரணங்கள் பல. கீழே ஏதோ உருண்டை தட்டுப்படும். சிறுநீர் முழுதாகப் போகாது.

நமக்குப் பக்கத்தில் செங்கல்பட்டில் 'ரூவ்செக்' என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பு 1981-ல் தொடங்கியது. அதன் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சக பணியாளர்களும், இந்தத் தொந்தரவோடு வாழும் தமிழ்நாட்டுப் பெண்களின் அனுபவங்களைக் கேட்டு எழுதிய ஆய்வு 1999-ல் வெளிவந்தது. கிராமத்துப் பெண்கள் அன்றே பேசிவிட்டார்கள். லிஃப்ட் வைத்த அபார்ட்மெண்டில் இருக்கும் நாம்தான் இன்னும் மூடி வைக்கிறோம்.

சொன்னால் ஆபரேஷன் என்பார்களே என்ற பயம் பலருக்கு. ஆபரேஷன் மட்டுமே வழி இல்லை. பெஸ்ஸரி என்ற மெத்தென்ற சிலிக்கான் வளையம் இருக்கிறது. டாக்டர் அளவு பார்த்து உள்ளே வைப்பார். அது உறுப்பைத் தாங்கிப் பிடிக்கும். வைத்த பிறகு நடந்து, உட்கார்ந்து, முக்கி, சிறுநீர் கழித்துப் பார்க்கச் சொல்வார். நழுவினாலோ அழுத்தினாலோ வேறு அளவு. ஒரே தடவையில் பொருந்தாவிட்டால் மனம் தளர வேண்டாம்.

பலன் எப்படி? நெதர்லாந்தில் 440 பெண்களிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. இரண்டு வருடம் கழித்து 'முன்னேற்றம் இருக்கிறது' என்றவர்கள், பெஸ்ஸரியில் தொடங்கியவர்களில் 76.3 சதவீதம், ஆபரேஷனில் தொடங்கியவர்களில் 81.5 சதவீதம். ஆனால் பெஸ்ஸரி வைத்தவர்களில் பாதிக்கு மேல் இடையில் ஆபரேஷனுக்கு மாறினார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அளவு சரியில்லாததே பலர் கைவிடக் காரணம். கடைச் செருப்பு எல்லார் காலுக்கும் பொருந்துமா? அதனால்தான் கனடாவின் டொரண்டோவில் காஸ்ம் மெடிக்கல் என்ற நிறுவனம், அந்தந்தப் பெண்ணின் அளவை எடுத்து, அவருக்கென்றே பெஸ்ஸரி வார்த்துத் தருகிறது. எந்த வளையமும் நிற்காதவர்களுக்கு இது நல்ல வழி என்பது டாக்டர்களின் எண்ணம். விலை, அளவெடுக்க ஆகும் நேரம், நாள்பட்ட பலன் ஆகியவை அவர்களின் கேள்விகள். அதனால் முதலில் சாதாரண வளையத்திலேயே அளவும் வடிவமும் மாற்றிப் பார்ப்பதுதான் முறை.

இனி முக்கியமான எச்சரிக்கை. வளையத்தை வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. மறந்தால் உள்ளே புண்ணாகும். நீங்களே கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி மாட்டப் பழகலாம். பிரிட்டனில் 340 பெண்களிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், இப்படித் தாங்களே பார்த்துக்கொண்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. முடியாதவர்கள் டாக்டர் சொன்ன தேதியில் போக வேண்டும். ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்வுத் தேதியைக் காலண்டரில் குறிக்கிறோமே, அதே பக்கத்தில் இதையும் குறியுங்கள். இரத்தக் கசிவு, துர்நாற்றம், சிறுநீர் அடைப்பு இருந்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

செலவுக்குத் தயங்குபவர்களுக்கு எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. 1844-ல் தொடங்கிய இடம். பரங்கிமலை ஸ்டேஷனில் ஏறினால் நேராக எழும்பூர்.

'எனக்கு வளையம் சரிப்படுமா?' இந்த ஒரு கேள்வியை டாக்டரிடம் கேளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், துணைக்கு வருகிறேன்.