கழிவறையும் உரிமைதான்: ஊர் கூடிச் செய்வது வேறு, ஊர் தலையில் கட்டுவது வேறு

(கிராம, தோட்டப்புறச் சுகாதாரத் தொண்டர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்தது கழிவறையைப் பற்றி. மேடையில் பேசுகிற பொருளா இது என்று சிலருக்குத் தோன்றலாம். மொழிக்காகப் பேசினோம், பள்ளிக்காகப் பேசினோம், கோவிலுக்காகப் பேசினோம், சம்பளத்துக்காகப் பேசினோம். கழிவறையைப் பற்றிப் பேச மட்டும் கூச்சப்பட்டோம். அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் நம் பெண்களும் குழந்தைகளும்தான்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். லயத்தின் கடைசியில் பொதுக் கழிவறை. எட்டு வீட்டுக்கு இரண்டு கதவு, அதிலும் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருட்டிவிட்டால் என் அம்மா தனியாகப் போக மாட்டார். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு, டார்ச் லைட்டோடு இருவராகப் போவார்கள். மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தபோது கேட்க அம்மா இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க் கம்பம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அங்கே வீட்டுக்கு வீடு கழிவறை வந்தது. அரசாங்கம் பீங்கானும் சிமெண்டும் கொடுத்தது. கம்பத்து மக்கள் கோத்தோங் ரோயோங் செய்து குழி வெட்டி, சுவர் எழுப்பினார்கள். என் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் கிடைக்குமா என்று விசாரித்தார். "தோட்டம் தனியார் நிலம், முதலாளியைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. முதலாளியிடம் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

இது என் ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. கிராமப்புறச் சுற்றுப்புறச் சுகாதாரத் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 1960களின் இறுதியில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, 1970களில் நாடெங்கும் விரிவுபடுத்தியது. பாக்காஸ் என்று நம்மில் பலர் அறிந்த திட்டம் அது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிவறை, பாதுகாப்பான கிணறு, மலையருவியிலிருந்து குழாய் வழியாகத் தானே இறங்கி வரும் தண்ணீர் என்று நல்ல வேலைகள் நடந்தன. மலேசியக் கிராமங்களின் ஆரோக்கியத்தை மாற்றிய திட்டங்களில் இதுவும் ஒன்று. இதில் நமக்கு யார் மீதும் பொறாமை இல்லை. கம்பத்து மக்களுக்குக் கிடைத்தது சரியானதே. ஆனால் கிராமம் என்ற கணக்கில் தோட்டம் சேரவில்லை. அதே மழை, அதே ஆறு, அதே ஈ. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரே காரணத்தால் நாம் விடுபட்டோம்.

தோட்டங்களில் சுகாதார வேலையே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மல்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்துக் காய்வித்தால் மலேரியா குறையும் என்று செய்து காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. காட்டை அழித்ததால் வெயில் பட்ட மலையோடைகளில் பெருகிய கொசுவைக் கட்டுப்படுத்தினார்கள், ஓடையில் எண்ணெய் தெளித்தார்கள். அதனால் பல உயிர்கள் பிழைத்தன, மறுக்கவில்லை. ஆனால் ஆள் செத்தால் மரம் வெட்ட ஆள் இல்லை என்ற கணக்கும் அதில் இருந்தது. எங்கே கால்வாய், எங்கே கழிவறை என்று நம் பாட்டிகளிடம் யாரும் கேட்கவில்லை. மேலிருந்து வந்தது, மேலிருந்தே போனது. துரை போனதும் கால்வாய் தூர்ந்தது.

1978இல் அல்மா-ஆத்தா மாநாட்டுப் பிரகடனம், தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கு பெறுவது மக்களின் உரிமை, கடமை என்று அறிவித்தது. நாம் பெரும்பாலும் கடமையை மட்டும் கேள்விப்படுகிறோம். உரிமை என்ற சொல்லும் அதே வாக்கியத்தில் இருக்கிறது.

மக்கள் பங்கு பெற்றால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் ஒரு நல்ல பாடம். 1970இல் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே, டாக்டர் மேபல் ஆரோளே என்ற தம்பதி அந்த வறண்ட வட்டாரத்தில் வேலையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கிராமமும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலித் பெண்களும் இருந்தார்கள். பேறுகாலம் பார்ப்பது, குழந்தையின் எடை பார்ப்பது, தண்ணீரைச் சுத்தமாக வைப்பது எல்லாவற்றையும் அவர்களே கற்று, ஊருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அங்கே நடந்த ஒன்றை நீங்கள் மறக்கவே கூடாது. குழாய்க் கிணறு தோண்டும்போது பல ஊர்களில் அதைத் தலித் குடியிருப்பில் அமைத்தார்கள். ஊருக்குள் போய்த் தண்ணீர் எடுக்க முடியாதவர்களின் வாசலுக்கே தண்ணீர் வந்தது. மற்றவர்கள் தண்ணீர் வேண்டுமென்றால் அங்கே வர வேண்டும். கிணற்றை எங்கே வைப்பது என்பது வெறும் நிலத்தடி நீர் விஷயம் அல்ல, நீதி விஷயமும்கூட என்று அவர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

இன்னொரு பாடம் வங்காளதேசத்தில் இருந்து வருகிறது. ராஜ்ஷாஹி வட்டாரத்தின் மொஸ்மொய்ல் கிராமத்தில் 2000ஆம் ஆண்டு வாக்கில் கமல் கர் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். இலவசமாகக் கழிவறை கட்டிக் கொடுப்பதற்குப் பதில், ஊர் மக்களே தரையில் வரைபடம் போட்டு, யார் எங்கே வெளிக்குப் போகிறார்கள் என்று குறித்தார்கள். அந்த மலம் ஈ வழியாகவும் தண்ணீர் வழியாகவும் திரும்பத் தங்கள் சாப்பாட்டுக்கே வருகிறது என்பதைக் கண்ணால் கண்டார்கள். பிறகு தாங்களாகவே குழி வெட்டினார்கள். இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் வெட்கப்படுத்துவதே வழியாகிவிட்டது. கழிவறை கட்டக் காசில்லாத ஏழை, ஊர் முன்னால் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். அரசாங்கம் செலவிலிருந்து நழுவிக்கொண்டது. தோழர்களே, இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஊர் கூடிச் செய்வது வேறு, ஊர் தலையில் கட்டுவது வேறு.

2010 ஜூலை 28ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குடிநீரும் கழிவறை வசதியும் மனித உரிமை என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2015இல் கழிவறை வசதி தனி உரிமையாகவே ஏற்கப்பட்டது. உரிமை என்று வந்துவிட்டால் அதை நிறைவேற்றும் பொறுப்பு அரசுக்கு உண்டு. நாம் மண்வெட்டி எடுப்பதால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

அது தீராமல் போனால் என்ன ஆகும்? 2019இல் கிளந்தான், குவா மூசாங் அருகே குவாலா கோவில் பாத்தேக் ஓராங் அஸ்லி மக்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். தட்டம்மை என்று சுகாதார அமைச்சு உறுதி செய்தது. தடுப்பூசி இருக்கிற நோய் அது. பிழைப்புக்கு நம்பியிருந்த காடு சுருங்கி, உடல் தளர்ந்து, ஊசியும் முழுமையாகப் போய்ச் சேராத இடத்தில் அந்த நோய் உயிரைக் குடித்தது. சிறுபான்மையினர் உரிமை என்று நாம் பேசும்போது நம்மை விடவும் சிறுபான்மையானவர்கள் நினைவுக்கு வர வேண்டும்.

இன்று செம்பனைத் தோட்டத்து லயங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் யார்? இந்தோனேசியர், வங்காளதேசியர், நேப்பாளியர். நம் தாத்தா பட்ட பாட்டை அவர்கள் படுகிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டு 446ஆவது சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளின் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசும்போது நமக்கு மட்டும் பேசாமல் அவர்களுக்கும் சேர்த்துப் பேசுங்கள்.

சரி, நாளைக் காலையில் என்ன செய்வது? ஐந்து காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வரைபடம். உங்கள் குடியிருப்பைத் தரையில் கோலமாவால் வரையுங்கள். தண்ணீர் எங்கே எடுக்கிறார்கள், கழிவறை எங்கே, சாக்கடை எங்கே போகிறது என்று பெண்களும் பிள்ளைகளும் குறிக்கட்டும். ஆண்கள் கொஞ்சம் தள்ளி நிற்கலாம்.

இரண்டாவது, கணக்கு. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை வீடு, எத்தனை கழிவறை, எத்தனைக்குக் கதவும் தண்ணீரும் விளக்கும் உண்டு, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனைக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதுங்கள். அதிகாரியிடம் "ரொம்பக் கஷ்டம்" என்றால் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார். எண்ணைச் சொன்னால் பதில் சொல்ல வேண்டி வரும்.

மூன்றாவது, கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள். நடக்க முடியாத முதியவர், தனித்து வாழும் தாய், நேற்று வந்த வெளிநாட்டுத் தொழிலாளி. ஊரில் பத்தில் ஒன்பது வீட்டில் கழிவறை இருந்து, ஒரு வீடு ஆற்றங்கரைக்குப் போனால், அந்த ஆற்றுத் தண்ணீர் எல்லாருக்கும்தான்.

நான்காவது, மண்ணைப் பார்த்துக் கட்டுங்கள். பீங்கானின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் ஈயையும் நாற்றத்தையும் தடுக்கிறது, அது வறண்டு போகக் கூடாது. நல்ல மண்ணில் இரண்டு குழி முறை சிக்கனமானது. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதுக்குத் திருப்பினால், மூடிய குழியில் உள்ளது இரண்டு வருடத்தில் எருவாகிவிடும். ஆனால் கடலோரப் பகுதிபோல் தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடத்தில் குழி வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் எல்லாம் மேலே வந்துவிடும். அங்கே மூடிய தொட்டிதான் வேண்டும், அதற்கு அரசாங்கப் பணம் கேட்க வேண்டும். எதுவானாலும் கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் கட்டக் கூடாது. கழிவறைக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கட்டும். கை கழுவாவிட்டால் கட்டியதில் பாதிப் பயன் போய்விடும்.

ஐந்தாவது, எழுத்து. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும், தொழிலாளர் குடியிருப்பென்றால் தொழிலாளர் இலாகாவுக்கும் கடிதம் கொடுங்கள். நகலில் தேதியோடு சாப் வாங்குங்கள். நம் அப்பாமார் வாய்மொழியாகக் கேட்டார்கள். அதனால் கேட்டதற்கே சாட்சி இல்லாமல் போனது.

இதற்கிடையில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் காத்திருக்காதீர்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தேக்கரண்டி அளவில் தலை தட்டி ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே கிளினிக்குக் கொண்டு போங்கள். இதை ஒவ்வொரு தாய்க்கும் சொல்லுங்கள், தந்தைக்கும் சொல்லுங்கள்.

இந்த வேலையில் பேரும் புகழும் கிடைக்காது. கழிவறை திறப்பு விழாவுக்கு மாலை போட யாரும் வரமாட்டார்கள். ஆனால் ஒரு பெண் பொழுது சாய்ந்த பிறகும் பயமில்லாமல் ஒரு குவளைத் தண்ணீர் குடிக்க முடிந்தால், அந்த ஊரில் உங்கள் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். என் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. இன்று லயத்திலும் புறம்போக்கு வீட்டிலும் ஓராங் அஸ்லி கிராமத்திலும் இருக்கிற அம்மாக்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள்.