குருதியிற் கண்ட கிருமி

கிணற்றிலிருந்து அள்ளிய நீர் கலங்கியிருந்தால், அதனைக் கண்டவர் மனத்தில் இரண்டு வினாக்கள் எழும். கிணறுதான் கலங்கிற்றா? அன்றி, வாளியில் ஒட்டியிருந்த அழுக்கு நீரிற் கரைந்ததா? முன்னதாயின் கிணற்றை இறைத்தல் வேண்டும். பின்னதாயின் வாளியைக் கழுவினாற் போதும். வாளியின் அழுக்கிற்காகக் கிணற்றை இறைப்பவன் வீணே உழைப்பான். கிணற்றின் கேட்டை வாளியின் அழுக்கென்று எண்ணி வாளாவிருப்பவனோ வீட்டார் அனைவருக்கும் நோயைத் தேடிக் கொடுப்பான்.

வைத்தியசாலைகளில் நாள்தோறும் எழும் ஒரு சிக்கலும் இத்தகையதே. அங்கே கிணறாக இருப்பது நோயாளியின் குருதி. வாளியாக இருப்பவை ஊசியும், புட்டியும், ஊசி துளைத்துச் செல்லும் தோலுமாம்.

கடுங்காய்ச்சலோடும் நடுக்கத்தோடும் ஒருவர் வருகின்றார். அவருடைய குருதியிற் கிருமிகள் புகுந்தனவோ என்று வைத்தியர் ஐயுறுகின்றார். உடனே கையின் நாளத்திலிருந்து குருதி எடுக்கப்பட்டு, கிருமிகளுக்கு உணவாகும் திரவம் நிரப்பிய புட்டிகளில் இடப்படுகின்றது. வளர்ந்தோராயின் புட்டி ஒன்றிற்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் வரை குருதி வேண்டும். அப்புட்டிகள் உடலின் வெப்பத்தை ஒத்த வெப்பத்தில், வழக்கமாக 5 நாட்கள் வரை வைக்கப்படும். குருதியில் இருந்த கிருமிகள் மிகச் சிலவேயாயினும், அவை அங்கே பெருகித் தம்மை வெளிப்படுத்தும். இதுவே குருதி வளர்ப்புச் சோதனை எனப்படுவது.

ஆனால், மனிதனின் தோலும் கிருமிகளின் உறைவிடமே. ஸ்ரபிலோகொக்கசு எப்பிடேர்மிடிசு என்னும் பற்றீரியா, நல்ல உடல்நலம் உடையவர் தோலிலும் தீங்கின்றி வாழ்வது. ஊசி துளைக்கும்போது அது குருதியோடு சேர்ந்து புட்டிக்குட் சென்றால், அங்கே பல்கிப் பெருகும். ஆய்வுகூடமோ, ‘கிருமி உண்டு’ என்று அறிக்கை தரும். அறிக்கை பொய்யன்று, புட்டியிற் கிருமி இருந்தது மெய்யே. நோயாளியின் குருதியில் அது இருந்ததா என்பதே வினா. இவ்வாறு மாசுபடும் மாதிரிகள் நூற்றுக்கு 3-க்கு மேற்படலாகாது என்பது ஆய்வுகூடங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள அளவுகோலாகும்.

இவ்வினாவிற்குப் பிழையான விடை காண்பதால் விளையும் கேடு சிறிதன்று. மாசினை நோயென்று கொண்டால், நோயாளிக்கு வன்கோமைசின் போன்ற வலிய மருந்து நாளத்தின் வழியே பல நாட்கள் ஏற்றப்படும். அது சிறுநீரகத்தைத் தாக்கவுங் கூடும். வீடு செல்ல வேண்டியவர் கட்டிலிலே கிடப்பார். மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் தோன்றவும் அது வழியாகும். மாறாக, நோயினை மாசென்று தள்ளினால் உயிருக்கே ஊறு நேரலாம். செயற்கை இதயவாயில் பொருத்தப்பெற்றவரிடத்தும், நாளத்தில் நெடுநாள் குழாய் தாங்கியவரிடத்தும், தோலிற் சாதுவாக இருக்கும் அதே பற்றீரியா கொடும் பகையாக மாறுவதுண்டு.

ஆதலின் வேறு சாட்சிகள் வேண்டப்படுகின்றன. கிருமி புகுந்தபோது உடல் வாளாவிருப்பதில்லை. அதன் போராட்டத்தின் அடையாளங்கள் குருதியிலே தோன்றும். 1930-ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த தில்லெற், பிரான்சிசு என்னும் இருவர், நியுமோனியா நோயாளரின் குருதியில் ஒரு புதுப் பொருளைக் கண்டனர். சீ-எதிர்வினைப் புரதம் என்று பின்னர் பெயர்பெற்ற அதனை ஈரல் ஆக்குகின்றது. எனினும், காயத்தாலும், சத்திரசிகிச்சையாலும், மூட்டு வாதத்தாலும் அது உயருமாதலின், அதன் சாட்சியம் தெளிவு குறைந்தது.

அதனினும் கூரிய சாட்சி புறோகல்சிற்றோனின். இது தைரொயிட்டுச் சுரப்பி ஆக்கும் கல்சிற்றோனின் என்னும் ஓமோனின் முன்னுரு. நலமுடையோர் குருதியில் ஒரு மில்லிலீற்றருக்கு 0.1 நனோகிராமுக்கும் குறைவாகவே காணப்படும். பற்றீரியாக்கள் உடலெங்கும் பரவும்போது, தைரொயிட்டு மட்டுமன்றி வேறு பல உறுப்புக்களும் இதனை ஆக்கத் தொடங்குகின்றன. சில மணி நேரத்திலேயே அளவு பன்மடங்கு உயரும். நோய் தணிய, ஏறத்தாழ நாளொன்றுக்குப் பாதியாகக் குறையும். கடுந்தொற்றுடைய சிறுவர்களில் இது மிக உயர்ந்திருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் 1993-இல் வெளியிட்டனர். சுவிற்சலாந்தின் பாசல் நகர வைத்தியர் 2007-இல் வெளியிட்ட ஆய்வோ நம் வினாவையே நேராக எடுத்துக்கொண்டது. தோற் கிருமி புட்டியில் வளர்ந்த நோயாளர் சிலரை அவர்கள் ஆராய்ந்தபோது, மெய்யான தொற்றுடையோரிற் புறோகல்சிற்றோனின் உயர்ந்தும், மாசு மட்டும் நேர்ந்தோரிற் பெரும்பாலும் தாழ்ந்தும் இருக்கக் கண்டனர்.

இச்சாட்சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் தகாது. பெருஞ் சத்திரசிகிச்சைக்குப் பின்னும், தீக்காயத்தின் பின்னும் இது உயரும். பிறந்து ஓரிரு நாட்களே ஆன குழந்தைகளில் இயல்பாகவே உயர்ந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. நியுமோனியாவால் இது உயர்ந்திருக்கும் ஒருவரின் புட்டியிலும் தோற் கிருமி தற்செயலாக வீழலாம். உடல் போரிடுகின்றது என்று மட்டுமே இச்சாட்சி கூறும். எந்தப் பகைவனோடு என்று கூறாது.

ஆகவே, அறிந்த வைத்தியர் எல்லாச் சாட்சிகளையும் ஒருங்கே விசாரிப்பார். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த குருதி இரண்டிலும் அதே கிருமி வளர்ந்ததா? விரைவில் வளர்ந்ததா, தாமதித்தா? வளர்ந்தது எவ்வகைக் கிருமி? ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு போன்றதாயின், ஒரு புட்டியில் மட்டுங் கண்டாலும் மாசென்று தள்ளார். நோயாளியின் காய்ச்சல், நாடி, உடலிற் பொருத்திய குழாய் இவற்றையும் நோக்கிய பின்னரே, புறோகல்சிற்றோனினின் சொல்லுக்குச் செவிசாய்ப்பார்.

எனினும் முதற் காவல் ஆய்வுகூடத்தில் இல்லை. நோயாளியின் கட்டிலருகே இருக்கின்றது. தோலை மருந்திட்டுத் துடைத்து, அது உலரும்வரை பொறுத்து, துடைத்த இடத்தை மீண்டும் விரலால் தொடாது, புட்டியின் மூடியையும் துடைத்துக் குருதி எடுக்கும் தாதியின் சில கணப் பொறுமை, பின்னர் எழக்கூடிய பல நாள் ஐயத்தைத் தீர்த்துவிடும். வாளி தூயதாயின், கிணற்றைப் பற்றிய உண்மை தானே விளங்கும்.