காற்றோடு போன கதையும் கண்டவர் கருத்தும்



ஒரு படத்தைப் பற்றிப் பத்துப் பேரைக் கேட்டால் பத்து வித அபிப்பிராயங்கள் கிடைக்கும். அதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் ஒரே படத்தைப் பற்றி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் சொல்லிவந்த அபிப்பிராயங்களைச் சேர்த்து வைத்து நோக்கினால், படத்தைக் காட்டிலும் பார்த்தவர்களின் கதையே சுவை மிகுந்ததாக இருக்கக் காண்கிறோம். அத்தகைய படம் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அமெரிக்காவில் 1939-ஆம் ஆண்டு வெளிவந்த 'கான் வித் தி விண்ட்' என்பது அதன் பெயர். 'காற்றோடு போயிற்று' என்று தமிழிற் சொல்லலாம். மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட நமக்கு இந்தப் படம் ஒரு தலைகுனிவையும் அளித்தது. அதனைப் பின்னர்ச் சொல்கிறோம்.

கதை மார்கரெட் மிட்செல் என்னும் அம்மையார் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில் 1900-இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் தோற்றுத் திரும்பிய தெற்குப் படையின் முதிய சிப்பாய்கள் சொன்ன பழங்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். 1936 ஜூன் மாதத்தில் வெளியான அந்த நாவல் 1,037 பக்கங்கள் கொண்டது. ஆறு மாதங்களுக்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. ஸ்கார்லெட் என்பவள் பருத்திப் பண்ணை முதலாளியின் மகள். அவள் ஆஷ்லியைக் காதலிக்கிறாள். அவனோ மெலனியை மணந்து கொள்கிறான். 1861-இல் மூண்ட போரில் பண்ணையும் செல்வமும் அழிகின்றன. பசியைக் கண்டவள் பணத்தை நாடுகிறாள். தன்னை மெய்யாக விரும்பிய ரெட் பட்லரின் அருமையை அவள் உணரும்போது அவன் வாசற்படியைத் தாண்டிப் போய் விடுகிறான். ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும் இந்தப் படத்தின் சாரம் இவ்வளவுதான்.

நாவலைப் படித்தவர்கள் படத்தைக் குறை கூறுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். நாவலில் ஸ்கார்லெட்டுக்கு மூன்று குழந்தைகள். படத்தில் ஒரே ஒரு பெண். மற்ற இருவரும் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. கதாநாயகியாக நடிக்கத் தகுந்தவளைத் தேடி ஆயிரத்து நானூறு பெண்களைப் பரிசீலித்த பின்னர், விவியன் லீ என்னும் ஆங்கிலப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் 1913-இல் நம் டார்ஜிலிங்கில் பிறந்தவர் என்பது வங்காளத்தில் வாழும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். தெற்கத்திய சீமாட்டியாக ஓர் ஆங்கிலேயப் பெண்ணா என்று தென் மாகாணத்து மாதர் சிலர் ஆட்சேபித்தனர். வடக்கத்தியப் பெண் ஒருத்தி நடிப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று வேறு சிலர் மனத்தைத் தேற்றிக் கொண்டனர். போர் முடிந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியும் தோற்றவர் மனத்திலிருந்த புகைச்சல் அடங்கவில்லை.

இதைக் காட்டிலும் முக்கியமான ஆட்சேபம் வேறொரு திசையிலிருந்து வந்தது. நாவலில் கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொல் பல இடங்களில் வருகிறது. கு க்ளக்ஸ் க்ளான் என்னும் கொடுங்கூட்டம் அதில் பெயர் சொல்லிப் பாராட்டப்படுகிறது. படம் தயாராகிக் கொண்டிருக்கும்போதே கறுப்பினத்தவரின் பத்திரிகைகளும், அவர்களுடைய சங்கத்தின் செயலாளர் வால்ட்டர் ஒயிட்டும் தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கிடம் தம் கவலையைத் தெரிவித்தனர். அந்த இழிசொல்லும் அந்தக் கூட்டத்தின் பெயரும் படத்திலிருந்து நீக்கப்பட்டன. படத்தைப் பார்க்குமுன்பே பார்வையாளர் கருத்து படத்தை மாற்றிய அபூர்வ சந்தர்ப்பம் இது. ஆனால் சொல் போயிற்றே தவிர, கதையின் நோக்கு அப்படியே இருந்தது.

1939 டிசம்பர் 15-ஆம் நாள் அட்லாண்டாவில் படம் முதன்முதலாகக் காட்டப்பட்டது. மாகாண ஆளுநர் விடுமுறை அறிவித்தார். நட்சத்திரங்களைக் காணத் தெருவின் இரு மருங்கிலும் ஜனசமுத்திரம். கொட்டகையின் முகப்பையே பழைய பண்ணை மாளிகையின் தூண்களைப் போல ஜோடித்திருந்தார்கள். முதல் நாள் இரவு நடந்த விருந்தில், கறுப்பினக் கிறிஸ்துவ ஆலயம் ஒன்றின் பாடகர் குழு, பண்ணை அடிமைகளைப் போல வேஷமிட்டு, வெள்ளையர் கூட்டத்தின் முன் நின்று பாடியது. அந்தக் குழுவில் நின்ற பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் பெயர் மார்ட்டின் லூதர் கிங். பின்னாளில் உலகம் போற்றிய அதே கிங்தான். நாம் இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம்.

படத்தில் முதிய தாதியாக நடித்த ஹேட்டி மெக்டானியல் அந்த விழாவுக்கு வரவில்லை. வெள்ளையரோடு கறுப்பினத்தவர் சரியாசனம் பெறுவதை அந்நகரில் சட்டமும் வழக்கமும் தடுத்தன. இவருடைய தந்தை அடிமையாக இருந்தவர். அதே உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து விடுதலைக்காகப் போராடியவர். அவருடைய மகள், அடிமைக் காலத்தைப் பொற்காலமாகக் காட்டும் படத்தில் எஜமானியின் இடுப்புக் கச்சையை இழுத்துக் கட்டுகிறார். 1940 பிப்ரவரி 29-ஆம் நாள் அவருக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பரிசளிப்பு நடந்த ஹோட்டலில் அவருக்குத் தனி மேஜை, சுவரோரமாக. 1952-இல் அவர் காலமானபோது, அவர் விரும்பிய மயானத்தில் இடம் மறுக்கப்பட்டது. அவர் ஹோவர்ட் சர்வகலாசாலைக்கு அளித்துச் சென்ற பரிசுச் சின்னமும் காணாமற் போயிற்று. அதற்குப் பதிலாக வேறொன்று 2023-இல்தான் அங்கே வந்து சேர்ந்தது.

கறுப்பினப் பார்வையாளர்களின் கருத்து ஒருமுகமாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வாஷிங்டன், சிகாகோ முதலிய நகரங்களில் கொட்டகை வாசலில் அட்டைகளை ஏந்தி மறியல் செய்தவர்கள் ஒரு பக்கம். நாடகாசிரியர் கார்ல்டன் மாஸ் 1940 ஜனவரியில் தயாரிப்பாளருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, தம் மக்களை மூடர்களாகவும் எஜமான விசுவாசிகளாகவும் காட்டியதைக் கண்டித்தார். மறு பக்கம், கிடைத்த சிறு இடத்திலேயே ஹேட்டி காட்டிய கம்பீரத்தைக் கண்டு பெருமை கொண்டவர்கள். இரு சாராரும் பார்த்தது ஒரே முகத்தைத்தான். மால்கம் எக்ஸ் தம் சுயசரிதையில் ஒரு செய்தி சொல்கிறார்: மிச்சிகன் மாகாணத்துச் சிற்றூர்க் கொட்டகையில் இந்தப் படத்தை அவர் பார்த்தபோது, அங்கிருந்த ஒரே கறுப்பினச் சிறுவன் அவரே. பிரிஸி என்னும் பணிப்பெண்ணின் அசட்டுத்தனம் திரையில் வந்தவுடன், கம்பளத்துக்கு அடியில் புகுந்துகொள்ள மாட்டோமா என்று அவருக்குத் தோன்றியதாம். அந்தப் பாத்திரத்தில் நடித்த பட்டர்ஃப்ளை மெக்வீனுக்கும் அது பிடிக்கவில்லை. படப்பிடிப்பில் தம்மை மெய்யாகவே அறைந்ததை அவர் ஆட்சேபித்தார். அறுபது வயதைக் கடந்த பின், 1975-இல் கல்லூரிப் பட்டமும் பெற்றார்.

கடலுக்கு அப்பால் லண்டனில் வேறொரு காட்சி. 1940 ஏப்ரலில் அங்கே வெளியான படம், ஜெர்மானியரின் குண்டுவீச்சுக்கிடையே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஓடியது. வெளியே நகரம் எரிய, உள்ளே திரையில் அட்லாண்டா எரிந்தது. துணிக்குப் பங்கீடு இருந்த காலத்தில், ஜன்னல் திரையைக் கிழித்து உடை தைத்துக் கொள்ளும் ஸ்கார்லெட்டை அந்நகரப் பெண்கள் தம்முள் ஒருத்தியாகக் கொண்டாடியதில் ஆச்சரியம் என்ன? ஹெலன் டெய்லர் என்னும் அறிஞர் இப்படத்தின் ரசிகைகளிடமிருந்து கடிதங்களைத் திரட்டி 1989-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அவர்களுக்கு ஸ்கார்லெட் பிழைக்கத் தெரிந்தவள். அதுவே போதுமானதாக இருந்தது. மெலனியே உண்மையான நாயகி என்ற கட்சியும் உண்டு. நாம் அந்தக் கட்சி. ஆஷ்லிக்குக் கட்சியே கிடையாது என்று துணிந்து சொல்லலாம்.

அண்மைக் காலத்தில், 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்டு போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் உயிர் துறந்தபின், இந்தப் படம் மறுபடி பேச்சுக்கு வந்தது. திரைக்கதாசிரியர் ஜான் ரிட்லி எழுதிய ஒரு கட்டுரையை ஒட்டி, இணையவழியே படங்களைக் காட்டும் எச்.பி.ஓ. மேக்ஸ் நிறுவனம் இதை ஜூன் மாதத்தில் விலக்கி வைத்தது. உடனே இதன் விற்பனை வேறிடத்தில் முதலிடத்துக்கு ஏறியது. மறைத்த பண்டத்துக்கு மதிப்புக் கூடுவது இயற்கைதானே! இரண்டு வாரங்களுக்குப் பின், திரைப்படப் பேராசிரியை ஜாக்குலின் ஸ்டூவர்ட் அளித்த முன்னுரையோடு படம் திரும்பி வந்தது. இது சரியான முறை என்பதே நம் கருத்து. படத்தை வெட்டவில்லை, பார்ப்பவர் கையில் ஒரு விளக்கைக் கொடுத்தார்கள்.

இனி நம் தலைகுனிவுக்கு வருவோம்.

நாம் இந்தப் படத்தைக் கல்லூரி நாட்களில் முதன்முறை பார்த்தோம். தலைநகருக்கு வேலைக்கு வந்தபின் இருமுறை பார்த்தோம். நிறங்களும், இசையும், மாளிகைப் படிக்கட்டும் நம்மை மயக்கியிருந்தன. நம் தாயார் ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே அவருக்கு அதைப் போட்டுக் காட்டினோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகையால் பக்கத்தில் அமர்ந்து வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழிற் சொல்லி வந்தோம். அலுவலகத்தில் செய்யும் தொழில்தானே என்ற தைரியம்.

தொடக்கத்தில் ஒரு பருத்தி வயற்காட்சி வருகிறது. பொழுது சாய்கிறது. வேலை முடிந்தது என்று ஒருவன் கூவ, அதைச் சொல்லும் அதிகாரம் தனக்கே உண்டு என்று பிக் சாம் என்பவன் அதட்டுகிறான். "இவர்கள் யார்?" என்று தாயார் கேட்டார். "பண்ணை வேலைக்காரர்கள், அம்மா" என்றோம். அவர் தஞ்சைப் பக்கத்துக் கிராமமொன்றில், மணமாகு முன்பு நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வந்தவர். பொழுது சாய்ந்தால் களத்தில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே காத்திருந்தார். காட்சி மாளிகைக்கு மாறிவிட்டது. அவர் திரும்பி, "கூலி அளக்கிறதைக் காட்டவில்லையே, இவர்களுக்குக் கூலி நெல்லா, காசா?" என்று கேட்டார்.

நமக்கு வாயடைத்தது. மூன்று முறை பார்த்த படத்தில் ஒரு முறையேனும் நாம் அந்த வயலில் நின்று பார்த்ததில்லை. தாழ்வாரத்து நாற்காலியிலேயே அமர்ந்திருந்தோம். வயலில் நின்றவரின் மகன் நாம். 'வேலைக்காரர்' என்று நாம் சொன்ன சொல் பிழையான மொழிபெயர்ப்பு. படமே செய்யும் பிழை அது. அதைத் தடையின்றித் தமிழில் இறக்கியிருந்தோம். "கூலி கிடையாது அம்மா. இவர்கள் அடிமைகள். விலைக்கு வாங்கினவர்கள்" என்று திருத்திச் சொன்னோம். "பிள்ளைகளையும் விற்பார்களா?" என்றார். "விற்பார்கள்" என்றோம். அதன் பின் வெகு நேரம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எரிந்து பாழான மாளிகையைத் திரையில் காட்டியபோது நாம் எதிர்பார்த்த பெருமூச்சும் அவரிடமிருந்து வரவில்லை.

ஆயினும் அவர் படத்தை ஒதுக்கிவிடவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னர், பாழடைந்த தோட்டத்தில் ஸ்கார்லெட் மண்ணைக் கிளறி ஒரு கிழங்கைப் பிடுங்கித் தின்று, குமட்டி விழும் காட்சி வருகிறது. "வெறும் வயிற்றில் முள்ளங்கி தின்றால் அப்படித்தான் புரட்டும், இது பொய்யில்லை" என்றார். அந்தப் பெண்ணின் பசியை அவர் ஏற்றுக் கொண்டார். அவள் உண்டு வளர்ந்த சோறு யார் உழைத்தது என்பதையும் மறக்கவில்லை. பெரிய பெரிய விமர்சனங்களில் ஒன்றை ஏற்றால் மற்றொன்றைத் தள்ளும் வழக்கமே காண்கிறோம். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக் கொண்டு அவர் மறு நாள் பின்பாதியையும் பார்த்தார்.

அன்று, குழந்தையை இழந்த வீட்டின் படிக்கட்டில் ஏறிக்கொண்டே அந்த முதிய தாதி மெலனியிடம் துயரத்தைச் சொல்லும் இடத்தில் தாயாரின் கண் நிறைந்துவிட்டது. படம் முடிந்ததும், "அந்த அம்மாளின் பெயர் என்ன?" என்று கேட்டார். "மாமி என்று கூப்பிடுகிறார்கள்" என்றோம். "அது நம் ஊர் மாமியா?" "இல்லை அம்மா, வளர்ப்புத் தாயை அங்கே அப்படி அழைப்பார்கள்." "அது முறை, பெயர் என்ன?" நாவலிலும் படத்திலும் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. 2014-இல் வேறோர் ஆசிரியர் எழுதிய முற்கதையில்தான் அவளுக்கு ரூத் என்று பெயரிட்டார்கள். அதையெல்லாம் அந்நேரத்தில் விளக்கத் தோன்றாமல், நடித்தவரின் பெயரைச் சொன்னோம். ஹேட்டி என்பதை இரண்டு முறை சொல்லிப் பார்த்து நினைவில் வைத்துக் கொண்டார். ஸ்கார்லெட் என்ற பெயர் அவர் நாவில் நிற்கவேயில்லை. இன்றும் ஊரிலிருந்து பேசும்போது அந்தப் படத்தைக் குறிப்பிட நேர்ந்தால், "ஹேட்டி வருகிற படம்" என்றுதான் சொல்கிறார்.