சீரோடு போகும் ஒரு பிரதி



நம் மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லில் வெட்டிய எழுத்துகள் ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கும். ஆனாலும் விரல் நுனிக்குத் தட்டுப்படும். 11ஆம் நூற்றாண்டில் ராஜாதிராஜனும் வீரராஜேந்திரனும் ஆண்ட காலத்துக் கல்வெட்டுகள் இந்த ஊரில் உண்டு. அவற்றை ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படித்து, 1899இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சேற்றினார். அந்தப் புத்தகத்தை இன்று கணினியிலும் படிக்கலாம். கல்லில் ஒன்று, அச்சில் ஒன்று, மின்வடிவில் ஒன்று. நாளைக்கே கல் சிதைந்தாலும் செய்தி போய்விடாது.

நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய மன்னன் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்று மணிமங்கலம். அந்தச் செய்தியை நமக்குக் காத்துக் கொடுத்தது கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு. நம் ஊர்க் கதை இன்னோர் ஊரில் பத்திரமாக இருந்திருக்கிறது. கல்வெட்டு, செப்பேடு இந்த இரண்டின் கதையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே போல நம் வீட்டுப் படங்களையும் குரல்களையும் காக்க, வீட்டிலேயே நாம் அமைத்துக்கொள்ளக்கூடிய சேமிப்பு சர்வரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவன். என் அப்பா மணிமங்கலம் ஏரிப் பாசனத்தில் பயிர் செய்தவர். எந்த மதகைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும், எந்த வருஷம் கலங்கல் வழிந்தது என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, ஒருநாள் பதினொரு நிமிடம் போனில் பதிவு செய்தேன். குடும்பப் படங்களோடு அதையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, முடிச்சூரில் இருந்த அக்காவிடம் கொடுத்தேன். போனில் இடம் இல்லையென்று அங்கிருந்ததை அழித்துவிட்டேன்.

2015 டிசம்பர் முதல் தேதி வந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரியில் தொடங்குவதுதான் அடையாறு. எங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரெல்லாம் அந்த ஆற்றில் சேர்ந்து முடிச்சூரைச் சூழ்ந்தது. அக்கா வீட்டுப் பீரோவின் அடித்தட்டில் இருந்தது டிஸ்க். தண்ணீர் வடிந்த பிறகு அதைத் துடைத்துப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள்ளே காற்றழுத்தம் சமமாவதற்காக வைத்தது. அந்தத் துளையில் செம்மண் சேறு காய்ந்து அடைத்திருந்தது. அடுத்த வருஷம் அப்பாவும் போய்விட்டார்.

வெள்ளத்தில் போன பள்ளிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்று நகல் கொடுத்தது. அப்பாவின் குரலுக்கு நகல் கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை.

அதனால்தான், சர்வர் கட்ட நினைப்பவர்கள் முதலில் கடைக்குப் போக வேண்டாம் என்பேன். ஒரு தாளை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். திரும்பக் கிடைக்காதவை ஒரு பக்கம்: படம், குரல், கையெழுத்து, கணக்கு. திரும்பக் கிடைப்பவை மறுபக்கம்: சினிமா, பாட்டு, மென்பொருள். எங்கள் வீட்டில் நான்கு போன்களையும் ஒரு மடிக்கணினியையும் கூட்டிப் பார்த்தபோது, திரும்பக் கிடைக்காதவை 600 ஜிபிதான் இருந்தன. எவ்வளவு இடம் வேண்டும், எதற்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

சேமிப்பு சர்வர் என்பது பெரிய வித்தை இல்லை. டிஸ்க்குகள் பொருத்திய ஒரு கணினி. வீட்டு ரௌட்டரோடு கம்பியில் இணைந்திருக்கும். எல்லாருடைய போனும் கணினியும் அதில் போய்ப் படம் வைக்கும், எடுக்கும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய அலுவலகக் கணினியே போதும். ஓபன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற மென்பொருள்கள் இலவசம். ட்ரூநாஸ் வைப்பதானால் 8 ஜிபி நினைவகமாவது வேண்டும்.

டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும்படி வைக்கலாம். இதைக் கண்ணாடிப் பிரதி என்பார்கள். 1988இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையால் 'ரெய்டு' என்ற பெயரில் பரவிய முறைகளில் இது முதல் வகை. ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றதில் வேலை ஓடும். இங்கே தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு லாட்டில் ஒரு பீஸ் கோளாறு என்றால் முழு லாட்டையும் நிறுத்தி வைக்கிறோம் இல்லையா? அதே கணக்குத்தான். இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே லாட்டில் வாங்காதீர்கள். சேர்ந்து பிறந்தவை சேர்ந்தே பழுதாகவும் கூடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடிப் பிரதி காப்புப் பிரதி ஆகாது. குழந்தை ஒரு கோப்பைத் தெரியாமல் அழித்தால், அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் நனையும். திருடன் பெட்டியோடு தூக்கிப் போனால் இரண்டும் போகும்.

அடுத்து வேகம். சாதாரண ஜிகாபிட் கம்பியில் நொடிக்கு 110 மெகாபைட் வரை போகும். ஒரு டெராபைட்டை நகர்த்த இரண்டரை மணி நேரம் ஆகும். அதே ஒரு டெராபைட்டை நொடிக்கு 100 மெகாபிட் போகும் இணைய இணைப்பில் வெளியே அனுப்பினால் ஏறக்குறைய ஒரு பகல் ஒரு இரவு. கம்பியின் அந்த வேகம் வேண்டுமானால், சர்வருக்கு வைஃபையை நம்பாதீர்கள். ரௌட்டரிலிருந்து ஒரு கம்பி இழுத்துவிடுங்கள்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பெட்டி 30 வாட் எடுத்தால் நாளொன்றுக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். அதில் இந்தப் பெட்டியின் பங்கு 43 யூனிட். அதைவிடக் கவனிக்க வேண்டியது மின்வெட்டு. டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் சிதையக்கூடும். கணினிக்கான சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கி, அதன் யூஎஸ்பி கம்பியைச் சர்வரில் செருகுங்கள். கரண்ட் போன செய்தி சர்வருக்குப் போகும்; பேட்டரி தீருமுன் அது தானே முறையாக அணைந்துகொள்ளும்.

பெட்டியை எங்கே வைப்பது? தரையில் வைக்காதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. பரணிலும் வைக்காதீர்கள், கத்திரி வெயிலில் கான்கிரீட் கூரையை ஒட்டிய இடம் அடுப்பாகக் கொதிக்கும். டிஸ்க்கின் சூட்டை 45 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது. எங்கள் வீட்டில் கூடத்துச் சுவரில், நெஞ்சுயரத்தில், காற்றோட்டமான ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன். லாரிகள் ஓயாத சாலைப் பக்கம் வீடு என்பதால், மாதம் ஒருமுறை மின்விசிறி வலையைக் கழற்றித் தூசி தட்டுகிறேன். அன்றைக்கே டிஸ்க்கிலுள்ள எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் கட்டளையையும் கொடுத்துவிடுவேன்.

வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டுமென்று சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அப்படித் திறந்து கிடந்த வீட்டுச் சேமிப்பகங்கள் பலவற்றை 2021லும் 2022லும் வெளியார் உள்ளே புகுந்து பூட்டிப் பணம் கேட்டார்கள்.

இப்போது கூரம் செப்பேட்டுக்கு, அதாவது வேறு ஊரில் வைக்கும் பிரதிக்கு வருகிறேன். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய ஒரு விதி உலகம் முழுக்கப் பின்பற்றப்படுகிறது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். ஏடு பெயர்த்தெழுதிய நம் முன்னோருக்கு இது புதிதல்ல. ஓலை நைந்துபோகும், கரையான் அரிக்கும் என்று தெரிந்தே பிரதிக்கு மேல் பிரதி எழுதி வெவ்வேறு வீடுகளில் வைத்தார்கள். ஒரே இடத்தில் இருந்ததை இழந்தால் என்ன ஆகும் என்பதை 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம் நமக்குச் சொல்கிறது. அங்கே சாம்பலானவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன.

அக்கா குடும்பம் வெள்ளத்துக்குப் பிறகு திருவண்ணாமலைக்குப் போய்விட்டது. பிரதி வைக்கும் மற்ற வீடு அதே ஆற்றங்கரையில் இருக்கக் கூடாது என்பதால் அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. என்னிடம் வெளியே எடுத்துப் போகும் டிஸ்க் இரண்டு உள்ளன. பொங்கலுக்குச் சீர் கொண்டு போகும்போது கரும்பு, மஞ்சள் கொத்து, புடவையோடு புதிதாக நகலெடுத்த டிஸ்க்கும் துணிப்பையில் போகும். அங்கிருக்கும் பழையதை வாங்கி வருவேன். ஆடிச் சீருக்கு மறுபடியும் மாற்றம். வழியில் தொலைந்தாலும் யாரும் படிக்க முடியாதபடி அதைக் கடவுச்சொல்லால் பூட்டியிருக்கிறேன். இடையில் சேரும் படங்களுக்கு ஒரு நகல் இரவு நேரத்தில் இணையச் சேமிப்புக்குப் போய்விடும்.

கடைசியாக ஒன்று. ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் நாங்கள் வெளியே வர முடியாது. வீட்டுச் சர்வருக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது, கடவுச்சொல் எது, நான் இல்லாவிட்டால் எப்படித் திறப்பது என்று தமிழில் எழுதி, என் மனைவியை அதைப் பார்த்து ஒரு படத்தை மீட்டெடுக்கச் சொன்னேன். முதல் தடவை அவரால் முடியவில்லை. எங்கே தடுக்கிற்றோ அங்கே இரண்டு வரி சேர்த்து எழுதினேன். இரண்டாம் தடவை பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் சர்வர் கட்டி முடிந்தது என்று சொல்வேன்.

நேயர்களே, பெட்டி வாங்குவதற்கு மாதங்கள் ஆகலாம். உங்கள் வீட்டில் வயதானவர் ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவர் அருகில் உட்கார்ந்து, அவர் ஊரைப் பற்றி, வயலைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த கையோடு வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தவருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். போனில் இருப்பதை அழிக்காதீர்கள்.