காலின் வெம்மை காட்டும் கருவி



1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரைக் கண்டறிந்தார். அதனைப் பற்றும் வெப்பப் படக்கருவி, காலைத் தொடாமலே தோலின் வெம்மையை வண்ணங்களாய்த் தீட்டுகிறது. குருதியோட்டம் குன்றிய பாதம் குளிர்ந்து தோன்றும். நீரிழிவாளரின் இரு பாதங்களிலும் ஒத்த இடங்களில் 2.2 பாகை செல்சியஸ் வேறுபாடு நீடிப்பின், வெம்மை மிக்க இடத்தில் புண் உண்டாகலாம் என்பது எச்சரிக்கை.

எனினும் படம் தோலையே காட்டும், தமனியை அன்று. வடநாட்டுக் குளிரில் நடந்து வந்த கால் எவர்க்கும் குளிர்ந்தே இருக்கும். ஆதலின் கணுக்காலின் குருதியழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பர், ஈவு 0.90-க்குக் குறையின் தமனியடைப்பு இருத்தல் கூடும்.

நடந்தால் கெண்டைக்கால் வலி, நின்றால் தணிவு: இதனை முதுமையென்று பொறுத்திராதீர்கள், மருத்துவரை நாடுங்கள். இல்லத்துப் பெரியோரின் பாதங்களைத் தொட்டு வணங்கும்போதே அவற்றை உற்றும் நோக்குங்கள்.