பழைய கட்டடம், எல்லோருக்கும் மேடை



நகரங்களில் பழைய கட்டடங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. ஓடாத சினிமாக் கொட்டகை, மூடிய மில்லின் கிடங்கு, பழைய நகர மன்றம் என்று எத்தனையோ உண்டு. இடித்துவிடலாம் என்பார்கள் சிலர். பழுது பார்த்து மக்கள் நாடக அரங்கமாக்கலாம் என்பது என் கருத்து.

இது நடக்கிற காரியமா? நடக்கும். மும்பையில் ராயல் ஆப்பரா ஹவுஸ் என்ற அரங்கம் 1911-ல் திறக்கப்பட்டது. முதலில் நாடகம் நடந்தது. பிறகு சினிமா ஓடியது. 1993-ல் மூடிவிட்டார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் அது பூட்டிக் கிடந்தது. பழுது பார்த்து 2016-ல் மீண்டும் திறந்தார்கள்.

ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. யார் உள்ளே வர முடிகிறது என்று பார்க்க வேண்டும். பழைய கட்டடங்களின் வாசலில் படிகள் இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவர் அங்கேயே நின்றுவிடுவார். "தூக்கிக்கொண்டு போகலாமே" என்பார்கள். மூட்டையைப் போலத் தூக்கிப் போவதை யார் விரும்புவார்கள்?

சாய்தளம் கட்டுங்கள். கணக்கு எளிது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். அரை அடி உயரத்தில் 3 படிகள் இருந்தால், மொத்த உயரம் ஒன்றரை அடி. அதற்குச் சாய்தளம் 18 அடி. இரு பக்கமும் கைப்பிடி வையுங்கள். மேடைக்கும் ஒரு சாய்தளம் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நாடகம் பார்க்க மட்டுமா வருவார்கள்? நடிக்கவும் வருவார்கள்.

காது கேளாதவர்களுக்குச் சைகை மொழியில் சொல்பவர் மேடை ஓரத்தில், வெளிச்சத்தில் நிற்கட்டும். பார்வையற்றவர்கள் நாடகத்துக்கு முன்பே மேடையையும் உடைகளையும் தொட்டுப் பார்க்கட்டும். பெண்கள் அச்சமின்றி வந்து போக விளக்கும் நல்ல கழிப்பறையும் வேண்டும்.

இன்னொன்று, உயிர் காக்கும் செய்தி. 1997 ஜூன் 13 அன்று டில்லியில் உப்ஹார் சினிமாக் கொட்டகையில் தீ விபத்து நடந்தது. கீழே மின்மாற்றியில் பிடித்த தீயின் புகை மேலே பால்கனிக்கு ஏறியது. கூடுதல் நாற்காலி போட்டு ஒரு வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள். ஆகவே நடைபாதையில் ஒரு நாற்காலிகூடப் போடாதீர்கள். ஆட்கள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவையும் பூட்டாதீர்கள். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கட்டும்.

இதற்கெல்லாம் சட்டம் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்களில் எல்லோரும் நுழைய வசதி வேண்டும் என்கிறது. ஏற்கெனவே உள்ள கட்டடங்களுக்கும் இது பொருந்தும். கலை நிகழ்ச்சிகளில் பங்கு பெறும் உரிமையையும் அது சொல்கிறது.

உங்கள் பகுதியில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடம் எது? சேர்ந்து போய்ப் பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரையும் அழைத்துப் போங்கள். படிகளை எண்ணுங்கள். கதவின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நகராட்சிக்கு மனு எழுதுங்கள். எழுத்துதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறதே! கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றைப் பத்திரமாக வையுங்கள்.