முதலில் வரப்பு, பிறகு வகுப்பறை

கேரளத்துக் குட்டநாட்டில் பல வயல்கள் கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்தவை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கே புகுந்த தண்ணீர் தானாக வடிய வழியில்லை. உடைந்த வரப்பை அடைத்து, இறைத்தால்தான் உண்டு!

அதற்குக் கைகொடுத்தது ‘பெட்டியும் பறையும்’ என்ற பழைய உள்ளூர் இறைப்பான். பீப்பாய் போன்ற பறைக்குள் விசிறி சுழலும். மேலெழும் தண்ணீர் மரப்பெட்டி வழியாக வரப்பைத் தாண்டி வாய்க்காலில் கொட்டும். பார்க்கக் கரடுமுரடுதான், ஆனால் குறைந்த உயரத்துக்கு ஏராளமான தண்ணீரைத் தூக்கிவிடும்.

இறைப்பு ஒருபக்கம் நடக்க, ஆகஸ்ட் 28-ஆம் தேதி குட்டநாட்டில் பெரும் துப்புரவுப் பணி தொடங்கியது.

ஊர்க்காரர்களோடு வெளியூர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் படகேறி வந்தார்கள். வீடுகளோடு பள்ளி, அங்கன்வாடி போன்ற பொது இடங்களையும் கழுவினார்கள். சேறு காய்ந்தால் சிமெண்டுபோல இறுகிவிடும் என்பதால், ஈரம் இருக்கும்போதே மண்வெட்டியால் வழித்தெடுக்க வேண்டும். அடியில் பாம்பு பதுங்கியிருக்கலாம். கையை விடுமுன் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். மின்சார வேலை, தச்சு வேலை தெரிந்தவர்களுக்குக் கூடுதல் மவுசு. நனைந்த வயரிங்கைச் சோதிக்காமல் சுவிட்சைத் தொட முடியாதே!

பல இடங்களில் தண்ணீர் முழுதும் வற்ற மேலும் பல நாள் ஆனது. அதுவரை இறைப்பான்கள் ஓடிக்கொண்டே இருந்தன.